ஒப்புக்கொள்வதா, மறுப்பதா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை அரசியல் அறிவியல்)

நீதிமன்றம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது திரைப்படக் காட்சிதான். கூண்டு, கறுப்பு அங்கி, நிரம்பி வழியும் கூட்டம், நடுவே "நீ குற்றவாளியா, இல்லையா?" என்று முழங்கும் ஒரு குரல். ஆனால் இங்கிலாந்தில் இன்று இந்தக் கேள்வி பல்லாயிரம் பேரின் வீட்டுக்கு அஞ்சலில் வந்து சேருகிறது. குரலும் இல்லை, கூண்டும் இல்லை. ஒரு தாளில் அச்சிட்ட சில கட்டங்கள். அவற்றில் ஒன்றில் குறியிட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அந்தச் சிறு கட்டத்தின் முன்னால் ஒரு மனிதர் என்ன பாடுபடுகிறார் என்பதை, என் அக்காவுக்கு அப்படியொரு தாள் வந்தபோதுதான் நான் அறிந்தேன்.

அக்கா அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியர். அத்தானும் கைக்குழந்தையுமாக வாடகை வீட்டில் இருக்கிறாள். அவள் மீதான குற்றச்சாட்டு, உரிமம் இல்லாமல் தொலைக்காட்சி பயன்படுத்தினாள் என்பது. செய்தி கேட்டதும் எங்கள் வீட்டில் முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. "டி.வி. பார்த்ததற்கா கோர்ட்டு?" என்றாள் அம்மா. ஆனால் தாளின் படத்தை அக்கா கைபேசியில் அனுப்பி, "இதைப் படித்துச் சொல், நீதானே அரசியல் சட்டமெல்லாம் படிக்கிறாய்" என்று எழுதியபோது சிரிப்பு நின்றுவிட்டது.

உரிமத்தின் கதை

பிரிட்டனில் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கு 1922-இல் 10 ஷில்லிங் உரிமக் கட்டணம் ஏற்பட்டது. பிபிசி பிறந்ததும் அதே ஆண்டில்தான். போர் முடிந்து தொலைக்காட்சி மீண்டும் தொடங்கிய 1946-இல் தொலைக்காட்சிக்கான உரிமம் 2 பவுண்டு என வந்தது. வானொலிக்கான தனி உரிமம் 1971-இல் ஒழிந்தது. தொலைக்காட்சி உரிமம் நின்றது. 2025 ஏப்ரலில் அதன் ஆண்டுக் கட்டணம் 174 பவுண்டு 50 பென்ஸ் ஆயிற்று. விளம்பரம் இல்லாமல் பிபிசி நடப்பதற்கு இந்தப் பணமே முதன்மையான ஆதாரம்.

உரிமம் இல்லாமல் தொலைக்காட்சி பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 363-ஆம் பிரிவின்படி குற்றம். உச்ச அபராதம் 1000 பவுண்டு. இந்தக் குற்றத்துக்கென்று சிறைத்தண்டனை கிடையாது. ஆனால் விதித்த அபராதத்தை வேண்டுமென்றே கட்டாமல் இருந்தால் அது சிறை வரையிலும் போகலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்த உரிமம் பிபிசி பார்ப்பவர்களுக்கு மட்டும் உரியதென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. எந்த நாட்டு அலைவரிசையாக இருந்தாலும், அது ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்த்தால் உரிமம் வேண்டும். கம்பி வழி வந்தாலும் இணையம் வழி வந்தாலும் ஒன்றுதான். 2016 செப்டம்பர் முதல் பிபிசியின் ஐபிளேயர் என்னும் இணையச் சேவையில் பழைய நிகழ்ச்சிகளைப் பார்க்கவும் உரிமம் தேவை. மற்ற இணையச் சேவைகளில் விரும்பிய நேரத்தில் விரும்பிய படத்தைப் பார்க்க அது தேவையில்லை. பெட்டி வீட்டில் இருப்பது மட்டுமே குற்றமும் ஆகாது. ஆக, சென்னையிலிருந்து வரும் தொடரை அங்கே நேரடியாகப் பார்ப்பவர் உரிமம் எடுக்க வேண்டும். அதே பெட்டியில் கணினியை இணைத்து விளையாடுகிறவர் எடுக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேட்டு வியப்படையாதவர் எங்கள் வீட்டில் தாத்தா ஒருவரே. அவர் அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் நாட்டிலும் வானொலிக்கு உரிமம் இருந்தது. ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டி, அஞ்சலகத்தில் உரிமப் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சிக்கு 50 ரூபாய். 1980-களின் நடுவில்தான் அந்த முறை ஒழிந்தது. சோதனைக்கு ஆள் வருகிறார் என்றதும் வானொலிப் பெட்டியைப் போர்வைக்குள் சுற்றி நெற்குதிருக்குப் பின்னால் வைத்த பெரிய மனிதர்களின் கதைகளைத் தாத்தா சொல்லக் கேட்க வேண்டும்! இங்கே 15 ரூபாய் கட்டிவிட்டு, இரவில் லண்டனிலிருந்து வரும் தமிழோசையைக் கேட்டவர் அவர்.

வாசலில் நடந்தது

அத்தானின் அம்மா திருநெல்வேலியிலிருந்து மூன்று மாதம் அங்கே போய்த் தங்கியிருந்தார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போனவர். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத ஊரில் அத்தைக்கு ஆறுதல் தொடர்கள்தாம். அதற்காகவே அத்தான் இணையப் பெட்டி ஒன்றை வாங்கித் தொலைக்காட்சியில் இணைத்தார். இங்கே இரவு 8 மணிக்கு வரும் தொடர் அங்கே கோடையில் பிற்பகல் 3.30 மணிக்கு வரும். இரவுப் பணி முடித்துக் காலையில் தூங்கி எழுந்த அக்காவும் அன்று அத்தையோடு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது.

வந்தவர் உரிமம் பற்றி விசாரிக்கும் அலுவலர். பண்பாகவே பேசினாராம். எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும், சொல்வது சான்றாகப் பயன்படலாம் என்பதையும் முதலில் சொன்னார். பிறகு கேள்விகள். தொலைக்காட்சி இருக்கிறதா? இருக்கிறது. நேரடி நிகழ்ச்சி பார்க்கிறீர்களா? ஊரிலிருந்து வரும் தொடர் பார்க்கிறோம். உரிமம் உண்டா? இல்லை. விடைகளை எழுதிப் படித்துக் காட்டினார், அக்கா கையெழுத்திட்டாள். அடுத்த நாளே உரிமமும் வாங்கிவிட்டாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்தத் தாள் வந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கொண்டுவந்த 'ஒற்றை நீதிபதி நடைமுறை' அது. சிறு வழக்குகளைத் திறந்த மன்றத்தில் விசாரிக்காமல், ஒரே ஒரு மாஜிஸ்திரேட் ஒரு சட்ட ஆலோசகரை வைத்துக்கொண்டு, தாள்களைப் படித்தே முடிவு செய்வார். குற்றஞ்சாட்டப்பட்டவர் 21 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு தாளிலேயே முடித்துக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டு நேரில் வந்து பேசலாம். அல்லது மறுத்து, விசாரணை கேட்கலாம்.

ஆளுக்கொரு யோசனை

21 நாளும் எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் இடையே பேச்சு ஓயவில்லை. அத்தானின் வாதம் இது: "நாம் பிபிசியை ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காத கடைக்கு எதற்குப் பணம்? மறுத்துவிடு." அவருடைய நண்பர் ஒருவர், "பதிலே போடாதீர்கள், தானாகவே ஓய்ந்துவிடும்" என்றார். உடன் பணியாற்றும் செவிலியர் ஒருவர், "ஒப்புக்கொண்டுவிடு. முதலிலேயே ஒப்புக்கொண்டால் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும்" என்று கணக்குச் சொன்னார். அம்மாவுக்கு ஒரே கவலை, விஷயம் ஊருக்குத் தெரியக்கூடாது என்பது.

அக்காவின் துன்பம் வேறு. "பணம் போகட்டும். குற்றவாளி என்ற சொல்லுக்கு நேரே என் கையால் எப்படிக் குறி போடுவேன்?" என்றாள். அவள் வேலைக்கும் இதில் தொடர்பு உண்டு. அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தின் நெறிமுறைப்படி, ஒரு செவிலியர் தம் மீது குற்றச்சாட்டு வந்தாலே மன்றத்துக்கும் வேலை தருபவருக்கும் தெரிவிக்க வேண்டும். இத்தகைய வழக்கு வழக்கமாகக் காவல்துறைப் பதிவில் ஏறுவதில்லை. ஆனாலும் கேட்கிற இடத்தில் மறைக்க முடியாது. ஒப்புக்கொண்டாலும் மறுத்தாலும் சொல்லியே ஆக வேண்டும். எந்தத் தலைகுனிவுக்கு அஞ்சினாளோ அது எந்தக் கட்டத்தில் குறியிட்டாலும் வரத்தான் போகிறது என்பதை அவள் உணர்ந்த நாள் மிகக் கடினமான நாள்.

மற்றொரு வழியையும் அத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பார்த்தது அம்மாதானே? அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவள்தான் பார்த்தாள் என்று எழுதினால் யார் போய்க் கேட்கப் போகிறார்கள்?" அதற்கு அக்கா சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் ஒலிக்கிறது. "நானும் பக்கத்தில் உட்கார்ந்துதானே பார்த்தேன். என் பழியை அத்தை தலையில் கட்டிவிட்டு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?" அத்தான் அதற்குமேல் பேசவில்லை.

தாத்தா மட்டும் யோசனை எதுவும் கூறாமல் இருந்தார். கடைசியில் தொலைபேசியை வாங்கி, "தாயி, எல்லாரும் என்ன பதில் சொல்லணும்னுதான் பேசுறாங்க. அவன் என்ன கேட்டிருக்கான்? அதை முதல்ல வாசி" என்றார்.

கேள்வியைப் படித்தல்

வாசித்தோம். குற்றச்சாட்டு நான்கே வரி. இன்ன நாளில், இன்ன முகவரியில், தொலைக்காட்சிப் பெட்டியைப் பயன்படுத்தினீர்கள். அதற்கு உரிமம் இல்லை. நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று அது கேட்கவில்லை. ஏமாற்ற நினைத்தீர்களா என்றும் கேட்கவில்லை. பிபிசி பிடிக்குமா என்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. நாங்கள் எல்லாரும் கேட்கப்படாத கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தோம். அத்தான் சொன்னது கட்டணம் நியாயமா என்ற கேள்விக்குப் பதில். தோழி சொன்னது எது மலிவு என்ற கேள்விக்கு. அம்மா சொன்னது ஊர் என்ன சொல்லும் என்பதற்கு. தாளில் இருந்த கேள்வியோ, நடந்ததா இல்லையா என்பது ஒன்றே. நடந்தது. தெரியாமல் நடந்தது என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சட்டத்தில் தெரியாமை குற்றத்தை இல்லாமல் ஆக்காது, தண்டனையைக் குறைக்க மட்டுமே உதவும். அதை எழுத அத்தாளிலேயே தனி இடம் உண்டு. காரணத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் மறுப்பைச் சொன்னால் இரண்டும் கெடும்.

பதில் போடாமல் இருந்திருந்தால்? மாஜிஸ்திரேட் தம்மிடம் உள்ள சான்றைக் கொண்டே முடிவு செய்வார். ஒப்புக்கொண்டதற்கான சலுகை கிடைக்காது. அபராதம் வார வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதால், வருமானத்தைத் தெரிவிக்காதவருக்கு நீதிமன்றமே ஒரு தொகையை அனுமானித்துக்கொள்ளும். அபராதத்தோடு வழக்குச் செலவும், குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நலனுக்கான கூடுதல் தொகையும் சேரும். மௌனம் அங்கே மிகச் செலவான பதில்.

அதே தாள், வேறு பதில்

இதற்குள் அத்தானின் நண்பர் ஒருவருடைய தம்பிக்கும் அதே தாள் வந்தது. முதுகலை படிக்கும் மாணவர். ஐந்து பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் இருப்பவர். கூடத்தில் வீட்டுக்காரரின் தொலைக்காட்சி இருந்தது. அதில் மாணவர்கள் கணினியை இணைத்து விளையாடுவார்கள், வாடகைக்குக் கிடைக்கும் படம் பார்ப்பார்கள். நேரடி ஒளிபரப்பு எதுவும் இல்லை. மணி அடித்தபோது கதவைத் திறந்தவர் இவர். "டி.வி. இருக்கிறதா?" என்றதற்கு "ஆம்" என்றார், நீட்டிய தாளில் கையெழுத்திட்டார்.

அவர் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தார். காரணம் அச்சம், அடுத்தது சிக்கனம். மறுத்துத் தோற்றால் செலவு கூடும். விசாரணைக்கு நேரில் போக வேண்டும். அன்றைய பகுதி நேர வேலைக் கூலி போகும். அவர் எழுதிவைத்திருந்த கடிதத்தை எனக்கும் அனுப்பினார்கள். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் நேரடி நிகழ்ச்சி எதையும் பார்த்ததில்லை" என்றிருந்தது. எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! முதல் வரி குற்றவாளி என்கிறது, இரண்டாம் வரி நிரபராதி என்கிறது. இப்படி இரண்டு நாக்கில் பேசும் ஒப்புதலை நீதிமன்றம் ஏற்கக்கூடாது என்பது சட்ட மரபு. ஆனால் கட்டுக் கட்டாக வரும் தாள்களில் இந்த இரண்டாம் வரி ஒருவர் கண்ணில் பட வேண்டுமே! இந்த நடைமுறையில் சீர்திருத்தம் வேண்டுமென்று 2024-இல் மாஜிஸ்திரேட்டுகளின் சங்கமே கேட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் எழுதும் விளக்கங்களை வழக்குத் தொடுப்பவர்களும் முன்கூட்டியே படிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று.

தாளின்மேல் நாம் வைக்கும் நம்பிக்கைக்கு அதே ஆண்டு ஒரு பாடமும் கிடைத்தது. பயணச்சீட்டு இல்லாமல் ரயிலில் போனதாக இதே நடைமுறையில் தொடரப்பட்ட சுமார் 74,000 வழக்குகள் செல்லாதவை என்று 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தலைமை மாஜிஸ்திரேட் அறிவித்தார். அந்தக் குற்றத்துக்கு இந்த நடைமுறையைக் கையாளவே ரயில் நிறுவனங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

கதவைத் திறந்தவர் பெயரில் வழக்கு என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமம் வீட்டுக்கு, குற்றச்சாட்டு ஒரு மனிதருக்கு. அங்கே இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவோரில் பத்துப் பேருக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள் என்று அரசுக் கணக்குகள் காட்டி வந்திருக்கின்றன. பகலில் வீட்டில் இருப்பவர் யார், மணி அடித்ததும் எழுந்து போகிறவர் யார் என்று கேட்டால் காரணத்தின் ஒரு பகுதி விளங்கும். அக்கா வீட்டில் பெட்டியை வாங்கி இணைத்தவர் அத்தான். தாள் வந்தது அக்கா பெயரில்.

ஒரே பிரிவு, இரண்டு விடைகள்

எங்கள் பாடத்தில் வரும் இரண்டு வழக்குகள் அந்நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தன. 1908-இல் பம்பாயில் திலகர் மீது இராசத்துரோக வழக்கு நடந்தது. அவர் குற்றத்தை மறுத்து, நாட்கணக்கில் தாமே வாதாடினார். 1922 மார்ச் 18 அன்று ஆமதாபாத்தில் காந்தியடிகள் மீது அதே 124-ஏ பிரிவில் வழக்கு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். திலகருக்கு 6 ஆண்டு. திலகர் வழக்கையே எடுத்துக்காட்டி நீதிபதி காந்தியடிகளுக்கும் 6 ஆண்டு விதித்தார். மறுத்தவருக்கும் ஒப்புக்கொண்டவருக்கும் தண்டனை ஒன்றே.

தொலைக்காட்சிப் பெட்டி வழக்கை அந்த மாமனிதர்களின் வழக்கோடு ஒப்பிடுவது மடுவை மலையோடு ஒப்பிடுவதாகும் என்பதை அறிவேன். ஆனால் ஒன்று கற்றுக்கொள்ளலாம். தாம் எழுதியது துரோகமன்று என்று திலகர் கருதினார், மறுத்தார். அந்த அரசின்மீது வெறுப்பை ஊட்டுவதே தம் கடமை என்று காந்தியடிகள் கருதினார், ஒப்புக்கொண்டார். இருவருமே தமக்கு உண்மையெனப் பட்டதைச் சொன்னார்கள். எந்தப் பதிலுக்குத் தண்டனை குறையும் என்று இருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

முடிவு

அக்கா ஒப்புக்கொண்டாள். விளக்கத்துக்கான இடத்தில் ஐந்தே வரி எழுதினாள். பிபிசி பார்ப்பவர்களுக்கே உரிமம் தேவை என்று நம்பியது, அலுவலர் வந்துபோன மறுநாளே உரிமம் வாங்கியது, குடும்பத்தின் வருமானம், இதற்குமுன் எந்த வழக்கும் இல்லாமை, வருத்தம். அத்தை பெயர் அதில் இல்லை. மருத்துவமனையில் தன் மேலாளரிடமும், செவிலியர் மன்றத்துக்கும் தானே தெரிவித்தாள். அபராதத்தையும் செலவையும் மூன்று தவணைகளில் கட்டி முடித்தாள்.

அந்த மாணவர் மறுத்தார். வீட்டில் பெட்டி எப்படிப் பயன்பட்டது என்பதை உடன் இருந்த நால்வரும் எழுதித் தந்தார்கள். விசாரணைக்கு நாளும் குறித்தார்கள். அந்நாள் வருமுன்பே வழக்கு திரும்பப் பெறப்பட்டது. நல்ல முடிவுதான், ஆனால் அதற்காக அவர் இரண்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை, ஒரு தேர்வைச் சரியாக எழுதவில்லை. உண்மையைச் சொல்வதற்கும் விலை உண்டு. மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி என்பது குற்றம் செய்தவருக்குச் சலுகை. செய்யாதவருக்கு அதுவே ஒரு தூண்டில்.

இப்படியொரு சிறு தொகைக்குக் குற்ற வழக்கு தேவைதானா என்று அந்த நாட்டிலேயே நெடுநாளாகப் பேசுகிறார்கள். 2015-இல் அரசு அமைத்த ஆய்வு, குற்றமாகவே நீடிக்கட்டும் என்றது. 2020-இல் அரசு மீண்டும் மக்கள் கருத்தைக் கேட்டு, 2021-இல் இப்போதைக்கு மாற்றமில்லை என்றது. மாற வேண்டும் என்பதே என் எண்ணம். கட்டாத மின்கட்டணத்தை வசூலிப்பதுபோல் இதையும் வசூலிக்கலாமே! ஆனால் அந்த எண்ணத்தை எழுத வேண்டிய இடம் வேறு. சட்டம் தவறு என்பதற்காக, நடந்ததை நடக்கவில்லை என்று எழுத முடியாது.

நம் கல்லூரியில் படித்த அண்ணன்மார் அக்காமார் பலர் இன்று கடல் கடந்து வேலை பார்க்கிறார்கள். நாளை நம்மில் சிலரும் போவோம். தொலைக்காட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாடகை, வரி, விசா, வேலை என்று ஏதோ ஒரு தாள் ஒரு நாள் நம் கைக்கும் வரும். வாசலில் நிற்பவரிடம் பேசுவதற்கு முன் யோசிக்கும் உரிமை நமக்கு உண்டு; படிக்காமல் கையெழுத்திடாதிருக்கும் உரிமையும் உண்டு. பதில் சொல்வதென்று வந்துவிட்டால், கேள்வியை ஒரு முறைக்கு இரு முறை வாசிப்போம். நடந்திருந்தால் நடந்தது என்போம், காரணத்தைத் தனியே சொல்வோம். நடக்கவில்லையென்றால், மலிவாக முடிகிறது என்பதற்காக நம் பெயரின்மேல் பொய்யை எழுத வேண்டாம். மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயமில்லை என்பார்கள். பயம் இருக்கத்தான் செய்கிறது; அக்காவுக்கும் இருந்தது, அந்த மாணவருக்கும் இருந்தது. பயத்தோடேயே அவரவர் உண்மையான கட்டத்தில் குறியிட்டு அஞ்சலில் சேர்த்தார்கள்.